தெயின்பியு பக்கத்துத் தேநீர்க் கடை: சண்டைக்கு முந்தைய மாலையும் சண்டை நடந்த காலையும்

யாங்கோனில் கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டைகளைத் திரையில் காட்டும் தேநீர்க் கடைகளுக்குக் குறைவில்லை. மியான்மரில் பிறந்த ஜோஷுவா வான், கூண்டுக்குள் சண்டை நடத்தும் அமெரிக்க அமைப்பான யுஎஃப்சியில் வரிசையாக வெல்லத் தொடங்கிய பிறகு, எங்கள் பகுதியில் கால்பந்து மட்டுமே காட்டிக்கொண்டிருந்த கடைகள்கூட ஞாயிறு காலையில் சண்டைக்கு மாறிவிட்டன. நான் இங்கே எழுதப்போகும் கடை அவற்றுள் பெரியதும் அல்ல, வசதியானதும் அல்ல. தெயின்பியு விளையாட்டரங்கத்திலிருந்து நடந்தே போய்விடலாம். தமிழர் ஒருவர் நடத்துகிறார். பன்னிரண்டு தாழ்வான மேசைகளும், பிளாஸ்டிக் முக்காலிகளும், ஒரு தொலைக்காட்சியும்தான் அங்கே இருக்கின்றன. கூட்டம் கூடினால் தாங்காது, பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அதனால் பெயரை எழுதவில்லை. தெயின்பியு பக்கம் பழகியவர்களுக்கு நான் சொல்லும் அடையாளங்களே போதும்.

வேறெங்கும் நான் காணாத ஒன்று இந்தக் கடையில் இருக்கிறது. சண்டைக்கு முந்தைய நாள் மாலையில், மறுநாள் மோதப்போகிறவர்களைப் பற்றி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார்கள். யார் யாருடன் மோதுகிறார், எதற்காக மோதுகிறார், யாருடைய பலம் எதிராளியின் எந்தப் பலவீனத்தில் போய் விழும் என்று ஒவ்வொரு சண்டையாக எடுத்துப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்காகவே இந்தக் கடைக்குப் போக வேண்டும் என்பது என் முடிவு. 2025 டிசம்பர் 6 மாலையும் மறுநாள் காலையும், அதாவது லாஸ் வேகஸில் யுஎஃப்சி 323 நடந்த சமயத்தில், நானும் என் தம்பியும் அங்கே இருந்தோம். இதற்கு முன்பும் நான் அங்கே போயிருக்கிறேன் என்றாலும், கடையின் நிறையும் குறையும் ஒருசேர வெளிப்பட்டது அந்த இரண்டு நாள்களில்தான் என்பதால் அவற்றை வைத்தே எழுதுகிறேன்.

கடையின் பின்சுவரில், பால் காயும் அடுப்புக்குச் சற்றுத் தள்ளி, பள்ளிக்கூடத்துக் கரும்பலகை ஒன்று மாட்டியிருக்கிறது. சனிக்கிழமை நாலு மணிக்குமேல் கடைக்கார அண்ணன் அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மறுநாளின் முதன்மைச் சண்டைகள் ஐந்தையும் சாக்கட்டியால் எழுதுகிறார். பெயர்கள் இடப்பக்கம் பர்மிய எழுத்திலும் வலப்பக்கம் தமிழிலும் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் வயது, எடைப்பிரிவு, அதற்கு அடுத்து ‘கடைசி’ என்று தலைப்பிட்ட ஒரு கட்டம். அந்த ஆள் கடைசியாகச் சண்டையிட்ட தேதியை, நம் நாட்டு நேரக் கணக்குப்படி, அதில் எழுதுகிறார். எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி என்ற எண்ணிக்கை மட்டும் பலகையில் இருக்காது. முதல் முறை போனபோது ஏன் என்று கேட்டேன். “யாரை ஜெயிச்சான்னு தெரியாம, எத்தனை ஜெயிச்சான்னு மட்டும் தெரிஞ்சு என்ன செய்ய, தங்கச்சி?” என்றார். எத்தனையோ தொலைக்காட்சி வருணனைகளைக் கேட்ட எனக்கு இவ்வளவு தெளிவான ஒரு விதி அதுவரை கிடைத்ததில்லை.

அண்ணன் இளமையில் மொலமியாய்ன் பக்கத்துப் பகோடா திருவிழாக்களில் பர்மிய மரபுச் சண்டையான லெத்வெய் ஆடியவர். கையுறை இல்லாமல், வெறும் துணிக்கட்டோடு, தலையாலும் முட்ட அனுமதி உள்ள அந்தச் சண்டையின் அடையாளம் அவருடைய வலக்கை முட்டிகளில் இன்னும் இருக்கிறது. தேநீர்க் கோப்பையை அவர் சுண்டுவிரலை மடக்காமல்தான் பிடிக்கிறார், மடக்க வராது. அடி என்றால் என்ன என்று உடம்பால் அறிந்த ஒருவர் நிதானமாகப் பேசும்போது, கூச்சல் போட்டுப் பழகிய இளைஞர்களும் அடங்கிக் கேட்கிறார்கள்.

பந்தயம் கட்டுகிறவர்களுக்கு அங்கே இடமில்லை. பலகைக்குக் கீழேயே இரு மொழியிலும் அப்படி எழுதி வைத்திருக்கிறார். கைப்பேசியில் பணம் பேசிக்கொண்டிருந்த இருவரை அவர் எழுப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். இதை ஒழுக்கம் சார்ந்த விஷயமாக மட்டும் நான் சொல்லவில்லை. பணம் வைத்தவன் தான் வைத்த பக்கத்துக்கு ஏற்றபடிதான் பேசுவான். அவனிடமிருந்து ஒரு மோதலைப் பற்றி நேர்மையான கணிப்பை எதிர்பார்க்க முடியாது. இங்கே யாருக்கும் இழக்க எதுவும் இல்லாததால், தங்களுக்குப் பிடித்த வீரரின் குறையைக்கூட வாய்விட்டுச் சொல்கிறார்கள்.

அன்றைய மாலையில் அதற்கு நல்ல சோதனை வந்தது. நான்காவது சண்டை, ஃப்ளைவெயிட் எனும் குறைந்த எடைப்பிரிவின் சாம்பியன் பட்டத்துக்காக, பிரேசிலின் அலெஷாண்ட்ரே பாந்தோஜாவுக்கும் ஜோஷுவா வானுக்கும். வான் சின் மாநிலத்தின் ஹாக்காவில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய், அமெரிக்காவின் ஹூஸ்டனில் வளர்ந்தவர். கடையில் இருந்த ஒவ்வொருவரும் அவர் வெல்ல வேண்டும் என்று விரும்பினார்கள், நானும்தான். அண்ணன் அதை மறுக்கவில்லை. ஆனால் பேச்சைப் பாந்தோஜாவிடமிருந்து தொடங்கினார்.

பாந்தோஜா 2023 ஜூலையில் பிரான்டன் மொரேனோவை வென்று பட்டம் பெற்றவர். அதன்பின் நான்கு முறை அதைக் காப்பாற்றியிருக்கிறார். அந்த நான்கில் பிரான்டன் ராய்வல், ஸ்டீவ் எர்செக் இருவரையும் புள்ளிகளில் வென்றார். காய் அசாகுரா, காய் காரா-பிரான்ஸ் இருவரையும் பின்னாலிருந்து கழுத்தை இறுக்கி முடித்தார். “இவன் முன்னாடி நிக்கறப்ப ஆபத்து இல்லை, பின்னாடி வந்துட்டா ஆபத்து” என்றார் அண்ணன். வான் அதற்கு நேர் எதிரானவர். எதிராளியின் முன்னால் நின்று, விலாவிலும் முகத்திலும் மாறி மாறிக் குத்திக்கொண்டே, ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகிறவர். ஜூன் மாதத்தில் புரூனோ சில்வாவை மூன்றாம் சுற்றில் முடித்துவிட்டு, சரியாக மூன்றே வாரத்தில், காயமடைந்த இன்னொருவருக்குப் பதிலாக ராய்வலுடன் இறங்கி அவரையும் வென்றார். பாந்தோஜா காரா-பிரான்ஸை முடித்ததும் அதே அரங்கில் அதே நாளில்தான். எனவே பலகையின் ‘கடைசி’ கட்டத்தில் இருவருக்கும் ஒரே தேதி இருந்தது: 29-6-2025. வயதுக் கட்டத்தில் ஒருவருக்கு 35, மற்றவருக்கு 24.

அதன் பிறகுதான் அண்ணன் அன்றைய மாலையின் முக்கியமான கேள்வியைக் கேட்டார். வானைத் தரையில் சாய்த்துவிட்டால் அவர் எப்படி எழுந்திருப்பார்? கேட்டுவிட்டுக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அறுபதை நெருங்கிய அந்த மனிதர் குளிர்பெட்டியின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் கைகளை ஊன்றி, முழங்காலில் திரும்பி, முதுகை எங்களுக்குக் காட்டியபடி எழுந்தார். “இது நாம எல்லாரும் எழுந்திருக்கிற வழி. இவன்கிட்ட இப்படி எழுந்தா கழுத்து போச்சு” என்றார். மறுபடி உட்கார்ந்து, இம்முறை முதுகைக் குளிர்பெட்டியோடு ஒட்டிவைத்து, பாதங்களைச் சிறிது சிறிதாக உள்ளிழுத்து, முதுகு பெட்டியை விட்டு விலகாமலே உரசிக்கொண்டு மேலே வந்தார். கூண்டின் கம்பிவலையில் முதுகைச் சாய்த்து எழுவது எதற்காக என்பது எனக்கு அந்த நிமிடத்தில்தான் விளங்கியது. இத்தனை ஆண்டுகளாக, வீரர்கள் களைத்துப்போய் வலையில் சாய்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். பின்னால் வர இடம் கொடுக்காமல் இருப்பதற்காகச் சாய்கிறார்கள்.

நம் ஊரில் இந்த விளக்கம் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். நாம் லெத்வெய் பார்த்து வளர்ந்தவர்கள். லெத்வெய்யில் ஒருவர் விழுந்தால் நடுவர் எண்ணத் தொடங்குவார். தரையில் சண்டை கிடையாது. பாரம்பரிய விதிப்படி புள்ளிக் கணக்கும் கிடையாது. ஐந்து சுற்றும் முடிந்து இருவரும் நின்றுகொண்டிருந்தால் சமநிலை. ஆகவே கூண்டுச் சண்டையில் இருவர் தரையில் புரளத் தொடங்கியதும் நம் கண் குருடாகிவிடுகிறது. எழுப்பி விடுங்கள் என்று கத்துகிறோம். அங்கேதான் சண்டையின் பாதி நடக்கிறது என்பதை யாராவது தரையில் உட்கார்ந்து காட்டினால்தான் நமக்குத் தெரியும். இந்தக் கடையில் காட்டுகிறார்கள்.

அன்றைய தீர்ப்பாக அண்ணன் சொன்னது இது: முதல் இரண்டு சுற்றுகளில் வான் முதுகைக் கொடுக்காமல் தப்பித்துவிட்டால், மூன்றாம் சுற்றிலிருந்து சண்டை அவருடையது, ஏனென்றால் பாந்தோஜா தொடக்கத்திலேயே வேகத்தைச் செலவழிக்கிறவர், வான் நேரம் போகப் போகக் கூடுகிறவர். 2024 ஜூலையில் சார்லஸ் ஜான்சன் வானை மூன்றாம் சுற்றில் வீழ்த்தியதை ஒரு இளைஞர் எடுத்துச் சொன்னார். அண்ணன் அதையும் ஏற்று, பலகையில் வானின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு கேள்விக்குறி போட்டார். சொந்த மண்ணின் வீரருக்கு நேரே கேள்விக்குறி போட்டபோது கடையில் யாரும் முகம் சுளிக்கவில்லை என்பதை நான் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

கடைசிச் சண்டையான மெராப் துவாலிஷ்விலி, பியோத்தர் யான் மோதலில்தான் நானும் அவரும் மாறுபட்டோம். இருவரும் 2023 மார்ச்சில் ஒருமுறை மோதியவர்கள். மெராப் 49 முறை யானைச் சாய்க்க முயன்று, ஓயாமல் நெருக்கி, மூன்று நடுவர்களிடமும் 50-45 என்று வென்றார். சுற்றில் வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9 என்பது பொதுவான கணக்கு. ஆக 50-45 என்றால் ஐந்து சுற்றும் ஒருவருக்கே என்று பொருள். அண்ணன் அதைச் சொல்லிவிட்டு, “இதுல பேச என்ன இருக்கு?” என்று அடுத்த சண்டைக்குப் போகப் பார்த்தார்.

பேச நிறைய இருக்கிறது என்று நான் சொன்னேன். அவருடைய பலகையே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. ‘கடைசி’ கட்டத்தில் மெராப்புக்கு 5-10, யானுக்கு 27-7 என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார். ஒன்பது வாரத்துக்கு முன்புதான் மெராப் கோரி சாண்ட்ஹேகனோடு ஐந்து சுற்று ஆடியிருக்கிறார். ஜனவரியில் உமர் நுர்மகமெதோவ், ஜூனில் ஷான் ஓமேலி, அக்டோபரில் சாண்ட்ஹேகன் என்று ஒரே ஆண்டில் மூன்று முறை பட்டத்தைக் காத்துவிட்டு, நான்காவது முறைக்கு வருகிறார். யானுக்குப் பத்தொன்பது வார ஓய்வு. ஓயாமல் நெருக்குவதையே ஆயுதமாக வைத்திருப்பவருக்கு அந்த ஒன்பது வாரம் போதுமா என்று கேட்காமல் இந்த மோதலைக் கடந்துவிட முடியாது.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் என் அப்பா. 2017 ஜூன் 30 அன்று யாங்கோனின் துவுன்னா உள்ளரங்கில் நம் நாட்டு வீரர் ஆங் லா என் சாங், ரஷ்யாவின் விட்டாலி பிக்தாஷோடு இரண்டாம் முறை மோதியபோது அவர் என்னையும் தம்பியையும் அழைத்துப் போனார். அந்த ஆண்டு ஜனவரியில் ஜகார்த்தாவில் பிக்தாஷ்தான் வென்றிருந்தார் என்பதால், வீட்டில் எல்லோரும் டிக்கெட்டுக் காசு வீண் என்றார்கள். முதல் முறை ஆங் லா அவசர அழைப்பில் போனவர், இம்முறை தயாராகி வருகிறார், எனவே இது அதே சண்டை இல்லை என்றார் அப்பா. ஐந்து சுற்றும் நடந்து, நடுவர்கள் மூவரும் ஆங் லாவையே சொன்ன இரவில், அரங்கம் எழுப்பிய ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. முதல் சண்டையின் கணக்கை இரண்டாம் சண்டைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிடுவேன், அன்றும் பேசினேன். அண்ணன் கோபிக்கவில்லை. ஆனால் மாற்றிக்கொள்ளவும் இல்லை.

அவருடைய குறை இதுதான் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே மோதியவர்கள் மறுபடி மோதும்போது அவர் பழைய முடிவிலேயே நின்றுவிடுகிறார். தேதிக் கட்டத்தை எழுதுகிறவர், அதை எல்லாச் சண்டைக்கும் படிப்பதில்லை.

மற்ற மூன்று சண்டைகளுக்கு அவ்வளவு நேரம் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியதும் இல்லை. பிளாஹோவிச்சும் பொக்தான் குஸ்கோவும் மோதியதைப் பற்றி, வயதானவருக்கு அனுபவம், இளையவருக்குக் கை பலம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மல்யுத்தத் தங்கம் வென்ற ஹென்றி செஹுதோவுக்கு இது கடைசிச் சண்டை என்பதால் மரியாதையோடு பேசினார்கள். ஆனால் பேய்ட்டன் டால்பட்டின் இளமை வெல்லும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மொரேனோவும் ஒகினாவாவின் தட்சுரோ தைராவும் மோதியதில், இரண்டு முறை பட்டம் வென்ற மொரேனோவின் பக்கமே பெரும்பாலோர் நின்றார்கள். தைரா ஒருமுறைதான் தோற்றிருக்கிறார், அதுவும் ராய்வலிடம் பிளவுபட்ட தீர்ப்பில் என்பதை என் தம்பி எடுத்துச் சொன்னான்.

இனி உணவைப் பற்றி. தேநீர் மிக நன்றாக இருக்கிறது. ‘பொ ச்சா’ கேட்டால் உண்மையாகவே இனிப்புக் குறைவாக, சாயம் தூக்கலாக வருகிறது. பல கடைகளில் என்ன கேட்டாலும் டின்பாலின் இனிப்பே முந்திக்கொள்ளும். மேசையில் வெறும் தேநீர்க் கூஜா எப்போதும் நிறைந்திருக்கிறது. தோசை ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுவில் மென்மையாகவும் இருக்கிறது, கூடவரும் பருப்பில் கறிவேப்பிலை வாசம் உண்டு. சமோசாவை வெட்டிப் போட்டு, முட்டைக்கோசும் புதினாவும் கொண்டைக்கடலைச் சாறும் சேர்த்துத் தரும் சமோசா சாலட் இங்கே எனக்கு மிகவும் பிடித்தது. இட்லியைத் தவிர்த்துவிடுங்கள், சனிக்கிழமை மாலை அரைத்த மாவு ஞாயிறு காலைக்குப் போதிய அளவு புளிப்பதில்லை. திரைக்கென்று தனிக் கட்டணம் இல்லை. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஆளுக்கு இரண்டு முறையாவது ஏதாவது வாங்க வேண்டும் என்பது அவர் விதி, அது நியாயமானது.

பெண்கள் தயங்காமல் போகலாம். நான் தம்பி இல்லாமல் தனியாகவும் போயிருக்கிறேன். அடுப்புக்குப் பக்கத்து மேசையில் அண்ணனின் மனைவி உட்காருவார். அந்த மேசையில் எப்போதும் இடம் கிடைக்கும், திரையும் அங்கிருந்து நேராகத் தெரியும்.

ஞாயிறு காலை எட்டரைக்கே போய்விட்டோம். ஜூனில் எட்டரை மணிக்குத் தொடங்கிய முதன்மைச் சண்டைகள், அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றியிருப்பதால், டிசம்பரில் நமக்கு ஒன்பதரைக்குத் தொடங்கின. ஒன்பதுக்குப் பிறகு வந்தவர்கள் கதவோரம் நின்றார்கள். பிளாஹோவிச், குஸ்கோவ் சண்டை சமநிலையில் முடிந்தது. டால்பட் எதிர்பார்த்தபடியே செஹுதோவை வென்றார்.

மொரேனோ, தைரா மோதலின் முதல் சுற்றில் மின்சாரம் போயிற்று. இந்த ஊரில் அதற்காக ஒரு கடையைக் குறை சொல்ல முடியாது. பேட்டரியில் தொலைக்காட்சியும் விசிறிகளும் உடனே ஓடத் தொடங்கின. ஆனால் இணையப் பெட்டியைப் பேட்டரியில் இணைக்க மறந்துவிட்டார்கள். அதற்கு வேறு கம்பி தேடி, இணைத்து, அது உயிர்பெற்று வர நாலைந்து நிமிடம் ஆயிற்று. நாங்கள் ஒரு சுற்றின் பெரும்பகுதியை இழந்தோம். படம் திரும்பி வந்து சிறிது நேரத்தில், இரண்டாம் சுற்றில், தைரா தரையில் மேல்கை பெற்று, மொரேனோவைக் குத்திச் சண்டையை முடித்துவிட்டார். அவர் அந்த நிலைக்கு எப்படி வந்தார் என்பதற்கான வேர் முதல் சுற்றிலேயே இருந்திருக்கலாம். அதைப் பார்க்கக் கிடைக்கவில்லை. முந்தைய மாலை இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, பேசியதைச் சரிபார்க்க வேண்டிய நிமிடங்களை இழப்பது பெரிய குறை. அன்றே அண்ணனிடம் சொன்னேன். அடுத்த முறை போனபோது இணையப் பெட்டி பேட்டரியோடு நிரந்தரமாக இணைக்கப்பட்டிருந்தது.

பாந்தோஜாவும் வானும் கூண்டுக்குள் வந்தபோது கடையில் ஒருவரும் பேசவில்லை. அங்கே வேலை செய்யும் பையன்களில் ஒருவன் சின் மாநிலத்தவன். ஆறு தேநீர்க் கோப்பைகள் நிறைந்த தட்டை அவன் எங்கள் மேசையருகே தரையில் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். யாரும் தேநீர் கேட்கவில்லை. மணி அடித்தது. இருவரும் அடி பரிமாறிக்கொண்டார்கள். பாந்தோஜா தலையை நோக்கி ஒரு காலை வீசினார். வான் அந்தக் காலைப் பிடித்துத் தள்ளினார். பின்னோக்கி விழுந்த பாந்தோஜா, விழும் வேகத்தைத் தாங்க ஒரு கையை நேராகத் தரையில் ஊன்றினார். கை தாங்கவில்லை, காயம்பட்டுவிட்டது. 26 வினாடி. நடுவர் குறுக்கே வந்துவிட்டார். வான் புதிய சாம்பியன்.

முதலில் ஒரு பெரிய ஓசை எழுந்தது. பாந்தோஜாவின் முகத்தைத் திரை அருகில் காட்டியதும் அது தானாகவே தணிந்தது. அந்தப் பையன் அழுதான். பிறகு குனிந்து தட்டை எடுத்து, ஆறிப்போன தேநீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கொண்டுவந்தான். மியான்மரில் பிறந்தவர்களில் யுஎஃப்சி பட்டத்தை முதலில் வென்றவர் ஹாக்காக்காரர் என்று யாரோ உரக்கச் சொன்னார்கள்.

அண்ணன் சிறிது நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். “எழுந்திருக்கிறதைப் பத்தியே பேசினோம். விழறதைப் பத்தி ஒருத்தரும் பேசலை” என்றார். அது உண்மை. குளிர்பெட்டியில் முதுகை உரசி அவர் எங்களுக்குக் காட்டிய அத்தனையும் வானுக்காக. பாந்தோஜா விழக்கூடும் என்று யாரும் நினைக்கவில்லை. விழும்போது கையை நேராக ஊன்றக் கூடாது, உடம்பை உருட்டி முழுப் பக்கத்தாலும் தரையை வாங்க வேண்டும் என்பது ஜூடோவிலும் மல்யுத்தத்திலும் முதல் வாரத்துப் பாடம் என்று அவர் விளக்கினார். தரைச் சண்டையில் கரைகண்ட ஒருவருக்கும், ஒற்றைக் காலில் நின்று எதிர்பாராமல் தள்ளப்படும் கணத்தில், கை தானாகவே போய்விடுகிறது.

அதிலிருந்து ஒரு விவாதம் கிளம்பியது. லெத்வெய்யின் பாரம்பரிய விதியில், வீழ்ந்தவர் ஒருமுறை இரண்டு நிமிட ஓய்வு கேட்டு மீண்டு வரலாம். அப்படி ஒன்று இருந்திருந்தால் பாந்தோஜா தொடர்ந்திருப்பாரா என்று இளைஞர்கள் கேட்டார்கள். கை அந்த நிலையில் இருக்கும்போது இரண்டு நிமிடம் அல்ல, இரண்டு மாதமும் போதாது என்றார் அண்ணன். ஆனால் வானுடைய திறமையை இந்த 26 வினாடி காட்டவில்லை என்பதையும், இருவரும் மறுபடி மோத வேண்டும் என்பதையும் அங்கிருந்த எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். வெற்றி பெற்ற பக்கத்தின் ஆட்களே இப்படிப் பேசியதை நான் வேறு எந்தக் கடையிலும் கேட்டிருக்க மாட்டேன்.

யானும் மெராப்பும் மோதியது அன்றைய மிகச் சிறந்த சண்டை. யான் சாய்க்கும் முயற்சிகளை ஒவ்வொன்றாக உதறினார். அவரது கையும் காலும் மெராப்பின் விலாவையும் வயிற்றையும் விடாமல் தேடிப் போயின. மூன்றாம் சுற்று முடிந்தபோது மெராப்பின் வாய் திறந்திருந்தது. 2023-இல் எதிராளிக்கு மூச்சுவிட இடம் கொடுக்காத மனிதருக்கு இப்போது மூச்சு தேவைப்பட்டது. நடுவர்கள் மூவரும் யானுக்கே தீர்ப்பளித்தார்கள். அண்ணன் என் மேசைக்கு வந்து, “அப்பா சரியாத்தான் சொல்லியிருக்கார்” என்றார். அந்த வேளைத் தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மீதமுள்ள குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முக்காலிகள் மிகவும் தாழ்வானவை. முழங்கால் வலி உள்ளவர்களால் மூன்று மணி நேரம் உட்கார முடியாது. அடுப்புப் புகை திரைப் பக்கம் போகிறது. கண் எரிகிறவர்கள் கதவோர மேசைகளைப் பிடிப்பது நல்லது. கழிவறை பின்சந்தில் இருக்கிறது, வெளிச்சம் போதாது. பேச்சு பெரும்பாலும் பர்மிய மொழியிலேயே நடக்கிறது; தமிழ் மட்டும் தெரிந்த பெரியவர்களுக்கு அண்ணன் இடையிடையே தமிழில் சொல்கிறார் என்றாலும், வேகமான விவாதத்தில் அது விட்டுப்போகிறது. சனிக்கிழமைப் பேச்சு ஆறு மணிக்குத் தொடங்குகிறது. அதற்கு வராமல் ஞாயிறு காலை மட்டும் வருகிறவர்கள், திரை பெரிதாக உள்ள வேறு கடைக்குப் போவதே மேல்; இந்தக் கடையின் பெரும்பங்கு முந்தைய மாலையிலேயே பரிமாறப்பட்டுவிடுகிறது.

அடுத்த வாரம் தேநீர் குடிக்கப் போயிருந்தேன். பலகை துடைக்கப்பட்டிருந்தது, ஒரு வரி மட்டும் அப்படியே இருந்தது. வானின் பெயருக்குப் பக்கத்திலிருந்த கேள்விக்குறியை அவர் அழிக்கவில்லை. ‘கடைசி’ கட்டத்தில் மட்டும் பழைய தேதிகளை மாற்றி, இருவருக்கும் மறுபடி ஒரே தேதியை எழுதியிருந்தார்: 7-12-2025.